எந்த இடத்தில் வைத்து அளப்பது?

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் சாய்ந்து மூழ்கியபோது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதல் தீர்ப்பு என் மச்சானுடையது. "1997ல கட்டினதாம். 28 வருஷம். துருப்பிடிச்ச டப்பா, வேற என்ன ஆகும்?" கன்னியாகுமரிக் கரையில் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கிய படங்கள் வர ஆரம்பித்ததும் அந்தத் தீர்ப்புக்குக் கைதட்டல்களும் கூடின. சரக்குக் கப்பல்களில் பல காலம் வேலை பார்த்துவிட்டு இறங்கியவன் நான் என்பதால் என் பதிலையும் கேட்டார்கள். அந்தக் கப்பல் சாய்ந்து போனது, உடைந்து போகவில்லை, துருவை அதில் இழுக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் "வயசான கப்பல், அதனால போச்சு" என்கிற பேச்சு அதற்கப்புறமும் என்னை விடவில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் தொந்தரவு.

வயதுதான் காரணம் என்றால் பிரிட்டனின் டெர்பிஷையர் என்ற சரக்குக் கப்பல் 1980இல் ஒகினாவா பக்கம் சூறாவளியில் 44 பேரோடு போயிருக்கக் கூடாது. அதற்கு அப்போது நான்கு வயது. இன்னொரு பக்கம், வட அமெரிக்கப் பேரேரிகளில் சிமெண்ட் ஏற்றிப் போகும் அல்பீனா 1942இல் கட்டப்பட்டது. 80 வயதைத் தாண்டியும் ஓடியது. நன்னீர் என்பது பெரிய சலுகைதான், ஒத்துக்கொள்கிறேன். உப்பு நீரில் ஓடும் கப்பலுக்கு அந்த வயது கனவு. ஆனாலும் 25 வயதில் ஒரு கப்பல் திடமாக ஓடிக்கொண்டிருக்க, அதே வருடம் அதே மாதிரிக் கட்டிய இன்னொன்று இரண்டாக உடைகிறது என்றால், வயதுக்கும் உடைவுக்கும் நடுவே வேறு ஏதோ இருக்கிறது. அது என்ன என்பதை எனக்குக் காட்டியவர் திருவொற்றியூர்க்காரர் ஒருவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கப்பல் வளையும்

கரையில் இருப்பவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும் ஒரு விஷயம்: 200 மீட்டர் நீளமுள்ள எஃகுக் கப்பல் வளையும். பின்கோடியில், கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் நின்றுகொண்டு முன்கோடியைப் பார்த்தால், மோசமான கடலில் டெக், அதாவது மேல்தளம், நெளிவது கண்ணுக்கே தெரியும். அலையின் முகடு கப்பலின் நடுவில் வந்தால் நடு உயர்ந்து இரு கோடிகளும் தொங்கும். அதை ஹாகிங் என்போம். முகடுகள் இரு கோடிகளிலும் வந்து நடுவில் பள்ளம் விழுந்தால் சாகிங்; வாய்க்காலின் குறுக்கே போட்ட தென்னந்தடி, ஆள் நடக்கும்போது தாழ்கிற மாதிரி. சில விநாடிகளுக்கு ஒருமுறை இது மாறி மாறி நடக்கும். ஒரு தடவை டெக் இழுபடும், அடிப்பாகம் அமுங்கும். அடுத்த தடவை தலைகீழ். 20 வருடத்தில் இப்படி கோடிக்கணக்கான தடவை. கப்பல் கட்டும் பொறியாளருக்கு மொத்தக் கப்பலும் ஒரே உத்தரம்தான். அந்த உத்தரத்தின் மேல்பட்டை டெக், கீழ்ப்பட்டை அடித்தளம், இரண்டையும் பிடித்து வைத்திருப்பவை பக்கச் சுவர்கள்.

இதில் துரு என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 10 மி.மீ. தகடு அரித்து 8 மி.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இழுவையைத் தாங்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இது எல்லோருக்கும் தோன்றும் கணக்கு. ஆனால் அதே தகட்டை இரு முனையிலும் அமுக்கினால் அது நெளியாமல் தாங்கும் அழுத்தம், கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்தைப் பத்தால் பெருக்கினால் 100, எட்டை எட்டால் பெருக்கினால் 64. அதாவது 20 சதவீத எஃகு போனதும் 36 சதவீத எதிர்ப்பு போய்விடுகிறது. டெக் அமுங்கும் நேரத்தில் இந்த 36தான் பேசும், 20 பேசாது. மெல்லியதாகும் தகடு முதலில் அறுந்துபோகும் என்றுதான் நானும் கப்பலில் ஏறிய புதிதில் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது முதலில் நெளிகிறது; நெளிந்த தகடு தன் பங்குச் சுமையைப் பக்கத்துத் தகட்டுக்குத் தள்ளிவிடுகிறது; அந்தப் பக்கத்துத் தகடும் அதே அளவுக்கு அரித்துப்போனதாகத்தான் இருக்கும்.

இதோடு, எண்பதுகளில் வந்த ஒரு நாகரிகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் கப்பல் எஃகு 235 மெகாபாஸ்கல் வரை இழுவையைத் தாங்கும். அதைவிட உறுதியான 315, 355 மெகாபாஸ்கல் எஃகு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும், தகடுகளை மெல்லியதாக்கி, கப்பலின் எடையைக் குறைத்து, மிச்சமான எடைக்குச் சரக்கு ஏற்றினார்கள். காகிதத்தில் பலம் ஒன்றுதான். ஆனால் கடல், எஃகின் தரச் சான்றிதழைப் பார்த்துத் தின்பதில்லை. தடிமனான சாதாரணத் தகட்டில் இரண்டு மில்லிமீட்டர் போவதும், மெல்லிய உயர்தரத் தகட்டில் இரண்டு மில்லிமீட்டர் போவதும் ஒன்றல்ல. வெல்டிங் மூலைகளில் களைப்பால், அதாவது திரும்பத் திரும்ப வளைவதால், வரும் விரிசலைத் தடுப்பதிலும் உயர்தர எஃகு பெரிதாக எதையும் கூட்டித் தரவில்லை. அந்தக் காலத்தில் கட்டிய மொத்தச் சரக்குக் கப்பல்கள் (நிலக்கரி, தாது மாதிரிச் சரக்கை மூட்டையில்லாமல் கொட்டி ஏற்றுபவை) பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கிழவர்களாகிப்போனதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கண்ணில் படும் துரு

துறைமுகத்தில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியும் துரு, டெக்கிலும் நங்கூரத் துளையிலிருந்து வழியும் பழுப்புக் கோட்டிலும் இருக்கும் துரு. அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. டெக்கில் மாலுமிகளின் மேஸ்திரியான போசனும் அவர் ஆட்களும் காலை முதல் மாலை வரை சிப்பிங் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பார்கள், பிரைமர் அடிப்பார்கள், மேலே பெயின்ட். ஓனர் தரப்பிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் சிப்பிங் இல்லாமலேயே பெயின்ட் வரும். போகட்டும். துரு, தான் தின்ற இரும்பைப்போலப் பல மடங்கு பருமன் கொண்டது. பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்து பார்க்கப் பயங்கரமாக இருக்கும் இடத்தில் உண்மையில் ஒரு மில்லிமீட்டர்தான் போயிருக்கும்.

கப்பலை அழிக்கிற துரு பலாஸ்ட் டேங்குக்குள் இருக்கிறது. சரக்கு இல்லாமல் போகும்போது கப்பல் மிதந்து தள்ளாடாமல் இருக்கக் கடல்நீரை நிரப்புவோம். சரக்கு ஏற்றும்போது அதை வெளியேற்றுவோம். ஆகவே இந்தத் தொட்டிகளின் சுவர் பாதி வாழ்நாள் உப்பு நீரிலும், மீதிப் பாதி உப்பு ஈரத்திலும் காற்றிலுமாக வாழ்கிறது. இரும்புக்கு இதைவிடக் கெட்ட வாழ்க்கை அமையாது. துத்தநாகக் கட்டிகளைத் தொட்டிக்குள் பொருத்தியிருப்பார்கள். எஃகுக்குப் பதிலாக அவை கரையும். ஆனால் நீருக்குள் இருக்கும்வரைதான் அவற்றுக்கு வேலை. டெக்குக்கு அடியில் ஒட்டியிருக்கும் மேல்பகுதிவரை தண்ணீர் சரியாக எட்டுவதே இல்லை. மேலே வெயில் டெக்கைச் சுட வைக்கும், உள்ளே ஈரம் வேகும். அதாவது கப்பல் வளையும்போது மிகுந்த சுமையைத் தாங்கும் அதே டெக்கின் அடிப்பக்கம்தான், பாதுகாப்பு மிகக் குறைவாகக் கிடைக்கும் இடம். இதை யோசித்து யாரோ வேண்டுமென்றே வடிவமைத்த மாதிரி இருக்கும்.

பெயின்ட் எங்கே முதலில் போகும் என்பதும் கிட்டத்தட்ட நிச்சயம்: கூர்மையான ஓரங்களில், வெல்டிங் கோட்டில். திரவம் எதுவானாலும் கூர் ஓரத்தில் மெல்லியதாகத்தான் நிற்கும். 2006இல் சர்வதேச கடல்சார் அமைப்பு, புதுக் கப்பல்களின் பலாஸ்ட் தொட்டிகளுக்கான பெயின்ட் தரத்தை வகுத்தபோது ஓரங்களைத் தேய்த்து உருட்ட வேண்டும், மூலைகளுக்குத் தூரிகையால் தனிப் பூச்சு கொடுக்க வேண்டும், மொத்தப் பூச்சு 320 மைக்ரான் இருக்க வேண்டும், 15 வருடம் தாங்க வேண்டும் என்றெல்லாம் எழுதியது இதனால்தான். என் காலத்துக் கப்பல்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பெயின்ட் ஒரு இடத்தில் உடைந்ததும் துரு படரும். கப்பல் வளையும்போது அந்தத் துருப் பாளம் நொறுங்கி விழும், புது எஃகு வெளியே வரும், அதுவும் துருப்பிடிக்கும். தகடு மெலிய மெலிய இன்னும் அதிகம் வளையும், பாளம் இன்னும் சீக்கிரம் விழும். முதல் பத்து வருடத்தில் போனதைவிட அடுத்த ஐந்து வருடத்தில் அதிகம் போவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இதைச் சொல்லாமல் துருவைப் பற்றிப் பேசக் கூடாது. மூடிய தொட்டியில் துருப்பிடிக்கும் இரும்பு, உள்ளே இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். வாசனை இருக்காது, மூச்சு முட்டும் உணர்வுகூட வராது; இறங்கியவர் அப்படியே சரிவார், தூக்கப் போனவரும் சரிவார். மீட்டரில் 20.9 வராமல் இறங்கக் கூடாது என்று கத்தியே தொண்டை போன சீஃப் ஆபீசர்களில் நானும் ஒருவன்.

சரக்கைக் கொட்டும் அறைகளான ஹோல்டுகளின் கதை வேறு. நிலக்கரியில் இருக்கும் கந்தகமும் ஹோல்டுச் சுவரில் வியர்க்கும் ஈரமும் சேர்ந்தால் அமிலம். அடுத்த பயணத்தில் இரும்புத் தாது வரும். பெரிய துறைமுகங்களில் மணிக்கு 10,000 டன்னுக்கும் மேல் கொட்டுவார்கள். இறக்கும் துறைமுகத்தில் சரக்கை அள்ளும் கிராப் பக்கச் சட்டங்களில் இடிக்கும், மிச்சத்தைக் கூட்ட புல்டோசரை உள்ளே இறக்குவார்கள், அதுவும் இடிக்கும். பெயின்ட் என்று ஒன்று அங்கே தங்குவதே அதிசயம்.

"எங்க வைக்கணும் சார்?"

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, கப்பலின் உடல் முழுவதையும் சோதிக்கும் ஸ்பெஷல் சர்வே வரும். நான் சீஃப் ஆபீசராக இருந்த ஒரு மொத்தச் சரக்குக் கப்பல், 20 வயதை ஒட்டிய தன் நான்காவது ஸ்பெஷல் சர்வேக்காக டிரை டாக்கில், தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் பழுது பார்க்கும் தளத்தில், ஏறியிருந்தது. தகடுகளின் கனத்தை அளக்க ஒரு நிறுவனத்தின் ஆட்கள் வந்தார்கள். அளவு எடுப்பது ஒலி அலையால்தான்: ஒரு இடத்தைக் கிரைண்டரால் பளபளப்பாக்கி, களிம்பு தடவி, விரல் நுனி அகலமுள்ள ஒரு புரோபை வைத்தால், அலை தகட்டின் மறுபக்கம் போய்த் திரும்பும் நேரத்தை வைத்துக் கனத்தைச் சொல்லும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை எண் வரும். பார்க்க அவ்வளவு துல்லியமாக இருக்கும்.

வந்தவர்களில் மூத்தவர் திருவொற்றியூர்க்காரர். ஐம்பது தாண்டியவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். அதை மாற்ற முடியவில்லை. மூன்றாம் ஹோல்டில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தோம். பக்கச் சுவரில் வரிசையாக நிற்கும் ஃபிரேம்களை, அதாவது சட்டங்களை, அளக்க வேண்டும். கீழே கம்பெனியின் சூப்பரின்டென்டென்ட். ஒரு ஃபிரேமைத் தட்டிப் பார்த்த அண்ணன் திரும்பி என்னிடம் கேட்டார்: "எங்க வைக்கணும் சார்?"

கேள்வி புரியவில்லை. ஃபிரேமில்தான், வேறு எங்கே? அவர் சுத்தியலின் கூர் முனையால் காட்டினார். ஃபிரேமின் நடுவில் தகடு சமமாக, பழுப்பாக இருந்தது. கீழே, ஹோல்டின் அடியோரத்தில் இருக்கும் ஹாப்பர் சரிவோடு அது சேரும் முக்கோணப் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில், வெல்டிங்கை ஒட்டி நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடியது. பாளம் எதுவும் இல்லை, அழுக்கும் இல்லை. பார்க்கச் சுத்தமாகவே இருந்தது. பெயின்ட் போன கோட்டில் அரிப்பு, வளைவின் அழுத்தத்தோடு சேர்ந்து வெட்டிய பள்ளம். தட்டையான புரோபை அதற்குள் உட்கார வைக்கவும் முடியாது. ஊசி அளவுகோலால்தான் ஆழம் பார்க்க வேண்டும்.

கட்டும்போது அந்தத் தகடு 11 மி.மீ. எங்கள் கப்பலில் அந்த உறுப்புக்கு அனுமதித்த தேய்மானம் 25 சதவீதம். அதாவது 8.25 வரை இறங்கலாம், அதற்குக் கீழே போனால் வெட்டிப் புதிது போட வேண்டும். அனுமதித்த தேய்மானத்தில் முக்கால்வாசி தீர்ந்தால் "கணிசமான அரிப்பு" என்ற பட்டியலில் சேர்ப்பார்கள். அதன் பிறகு வருடா வருடம் அளக்க வேண்டிவரும். ஃபிரேமின் நடுவில் வைத்தபோது 9.3 வந்தது. நல்ல எண். எந்தப் பட்டியலிலும் வராது. கீழே, பள்ளத்துக்குச் சற்று மேலே வைத்தபோது 7.9. பள்ளத்துக்குள் இன்னும் குறைவு.

ஒரே ஃபிரேம். இடையில் இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. ஒரு எண் கப்பலைக் கடலுக்கு அனுப்பும், இன்னொரு எண் டாக்கில் நிறுத்தி வைக்கும்.

கீழேயிருந்து சூப்பரின்டென்டென்ட், "நடுவில் எடுத்துக்கொண்டு மேலே போங்கள்" என்றார். அவரைக் கெட்டவராகச் சித்திரிக்க எனக்கு விருப்பமில்லை. டாக்கில் ஒரு நாள் தாமதம் என்றால் என்ன செலவு என்பது அவருக்குத்தான் தெரியும். அடுத்த சரக்கின் தேதி அவர் தலையில் இருந்தது. நடுவில் எடுப்பதும் பொய்க் கணக்கு இல்லை. அங்கே தகடு உண்மையாகவே 9.3 இருந்தது. அண்ணன் எதுவும் வாதம் பண்ணவில்லை. இரண்டையும் எடுத்தார், இரண்டு எண்களையும் சாக்பீஸால் ஃபிரேமின் மேலேயே பெரிதாக எழுதினார், அடுத்த ஃபிரேமுக்கு நகர்ந்தார். ஹோல்டு முழுக்க அப்படியே எழுதிக்கொண்டு போனார். மறுநாள் கப்பலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் கிளாஸ் அமைப்பின் சர்வேயர் ஹோல்டுக்குள் இறங்கியபோது அவர் யாரையும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சுவரே சொல்லியது. ஃபிரேம்களின் கீழ்ப்பகுதிகளை வரிசையாக வெட்டி மாற்றச் சொன்னார். டாக்கில் நாட்கள் கூடின, கூட்டங்கள் நடந்தன, சூப்பரின்டென்டென்ட் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

எனக்கு அதைவிட உறைத்தது அன்று மாலை நடந்தது. முந்தைய ஐந்தாண்டு சர்வேயின் அளவு அறிக்கையை எடுத்து அண்ணனிடம் காட்டினேன். வேறு துறைமுகம், வேறு நிறுவனம். அதே ஹோல்டு, அதே ஃபிரேம்கள்: 10.2, 10.1, 10.2, 10.2, 10.1. பக்கம் பக்கமாக அதே மாதிரி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "கடலு இவ்ளோ சமமா தின்னாது சார்."

இந்த ஃபிரேம்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், மொத்தச் சரக்குக் கப்பல் சாவது பல சமயம் இங்கிருந்துதான். ஒரு ஃபிரேமின் அடி விட்டுப்போனால் அதன் சுமை இரு பக்கத்து ஃபிரேம்களுக்குப் போகும். அவையும் விட்டுப்போனால் பிடிமானம் இழந்த பக்கத் தகடு கிழியும். ஹோல்டில் கடல் நுழையும். இரும்புத் தாது ஹோல்டில் கொஞ்ச இடத்தைத்தான் அடைக்கும், மீதி முழுக்கக் காலி. அந்தக் காலி இடமெல்லாம் தண்ணீர். தாதுவும் தண்ணீரும் சேர்ந்து தள்ளும்போது அடுத்த ஹோல்டுக்கு நடுவே இருக்கும் தடுப்புச் சுவர் சரியும். பிறகு அடுத்தது. அபாய அழைப்பு அனுப்பக்கூட நேரம் இருக்காது. 1990, 91 ஆண்டுகளில் தாது ஏற்றிய பழைய கப்பல்கள் இப்படி வரிசையாக மறைந்த பிறகுதான், 1993இல் விரிவான சர்வே முறையும், 1999 ஜூலையில் மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கான தனி அத்தியாயமும் சர்வதேச விதிகளில் வந்தன.

காகிதத்தில் எல்லாம் சரி

எரிகா கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதில் இருந்த 26 பேரும் இந்தியர்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1975இல் ஜப்பானில் கட்டிய எண்ணெய்க் கப்பல், மால்டா கொடி. 1999 டிசம்பர் 8ஆம் தேதி டன்கர்க்கிலிருந்து சுமார் 31,000 டன் கன எரியெண்ணெயோடு இத்தாலிக்குக் கிளம்பியது. பிஸ்கே வளைகுடாப் பக்கம் புயல். 12ஆம் தேதி பிரிட்டனி கரைக்குத் தெற்கே இரண்டாக உடைந்தது. ஆட்களை ஹெலிகாப்டர்கள் தூக்கிவிட்டன. சுமார் 20,000 டன் எண்ணெய் கடலில் கலந்து, பிரான்சின் கரையில் 400 கிலோமீட்டர் கறுத்துப்போனது. கேப்டன் கருண் மாத்தூரைக் கரை இறங்கியதும் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். 2008இல் பாரிஸ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றவாளி என்று சொன்னது, கப்பலை அமர்த்திய டோட்டல் நிறுவனத்தையும், கப்பலின் உரிமையாளரையும் மேலாளரையும், "கப்பல் சரியாக இருக்கிறது" என்று சான்றிதழ் கொடுத்த ரினா என்ற கிளாஸ் அமைப்பையும். 2012இல் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியம், சான்றிதழ் கொடுத்தவரையும் கூண்டில் ஏற்றியது. உடைவதற்கு முந்தைய வருடம்தான் எரிகா டாக்கில் ஏறி, எஃகு மாற்றி, ஸ்பெஷல் சர்வே முடித்து இறங்கியிருந்தது. உடைவு ஆரம்பித்தது ஒரு பலாஸ்ட் தொட்டிப் பகுதியில், அரித்துப்போன அமைப்பில். அதாவது சர்வே நடந்தது, அளவு நடந்தது, எஃகும் மாறியது; ஆனாலும் உடைய வேண்டிய இடம் உடையக் காத்திருந்தது.

மூன்று வருடம் கழித்து, 2002 நவம்பரில், ஸ்பெயினுக்கு அப்பால் பிரெஸ்டீஜ். 1976இல் கட்டியது, 77,000 டன் எண்ணெய். அதுவும் முந்தைய வருடம் சீனாவில் எஃகு மாற்றிக்கொண்டு வந்த கப்பல். எந்தத் துறைமுகமும் உள்ளே விட மறுத்து, ஆறு நாள் கடலில் இழுத்தடித்து, கடைசியில் இரண்டாகப் போனது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1983 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா கரைக்கு அப்பால் மரைன் எலக்ட்ரிக். இரண்டாம் உலகப்போர்க் காலத்து டேங்கரை நீட்டி நிலக்கரிக் கப்பலாக்கியது. ஹோல்டு மூடிகள் அரித்து ஒட்டுப் போட்ட நிலையில் இருந்தன, சான்றிதழ்கள் ஒழுங்காக இருந்தன. 34 பேரில் மூன்று பேர் பிழைத்தார்கள்.

விதிகள் இவ்வளவு இறுகிய பிறகும் 2017 மார்ச் 31 வந்தது. ஸ்டெல்லார் டெய்சி, 1993இல் எண்ணெய்க் கப்பலாகப் பிறந்து, பிறகு தாதுக் கப்பலாக மாற்றப்பட்டது. பிரேசிலிலிருந்து 260,000 டன் தாதுவோடு சீனாவுக்குப் போகும் வழியில் தென் அட்லாண்டிக்கில் சில நிமிடங்களில் போனது. 24 பேரில் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த இருவர் மட்டும் உயிரோடு கிடைத்தார்கள். மார்ஷல் தீவுகளின் விசாரணை அறிக்கை, இடப்பக்க இரண்டாம் பலாஸ்ட் தொட்டியில் தொடங்கிய வெள்ளத்தையும், அரிப்பு, களைப்பு, ஏற்றிய முறை எல்லாம் சேர்ந்து உடலமைப்பு தோற்றதையும் சொல்கிறது. வயது 24. என் மச்சான் உடனே "பாத்தியா!" என்பார்.

ஆனால் இந்தக் கப்பல்கள் எதிலும் வயது ஒரு ரகசியமாக இருக்கவில்லையே. எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் ஐந்து வருடத்துக்கொரு சர்வே, நடுவில் ஒரு இடைக்கால சர்வே, வருடா வருடம் ஒரு பார்வை. மொத்த உத்தரத்தின் பலம், புதிதாய்க் கட்டும்போது விதி கேட்ட அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று எல்லை. இவ்வளவும் இருந்தும் உடைகிறது என்றால், நான் பார்க்கிற இடம் இதுதான்: கனத்தை அளக்கும் நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுப்பவர் கப்பல் உரிமையாளர். அந்த நிறுவனத்தை அங்கீகரிக்கும் கிளாஸ் அமைப்புக்கும் கட்டணம் கட்டுபவர் அவரே. கண்டிப்பான கிளாஸ் பிடிக்கவில்லை என்றால் வேறு கிளாஸுக்கு மாறவும் வழி உண்டு. இப்போது அதற்கும் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன என்பார்கள், வந்திருக்கின்றன. ஆனால் புரோபை எந்த இடத்தில் வைப்பது என்ற முடிவு இன்னும் சாரத்தின் மேல், அரையிருட்டில், கீழே ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எடுக்கப்படுகிறது. விதிப்புத்தகம் எத்தனை இடம் என்று சொல்லும், எந்த உறுப்பு என்று சொல்லும். அந்த உறுப்பில் எந்தச் சாண் என்பது அளக்கும் ஆளின் மனசாட்சி.

நான்காவது, ஐந்தாவது ஸ்பெஷல் சர்வே வரும்போது உரிமையாளர் முன்னே இரண்டு கணக்குகள் இருக்கும். ஒன்று, எஃகு மாற்றும் செலவு. இன்னொன்று, குஜராத்தில் பழைய கப்பல்களை உடைக்கும் அலங்கில் கொடுத்தால் டன்னுக்கு என்ன விலை. சரக்குக் கட்டணம் ஏறியிருக்கும் காலத்தில் 25 வயதுக் கப்பலும் இன்னொரு ஐந்து வருடத்துக்கு டாக்கில் ஏறும்; இறங்கியிருந்தால் 20 வயதிலேயே அலங். அதாவது கப்பலின் ஆயுளை முடிவு செய்வதில் துருவைவிடச் சந்தைக்குப் பெரிய பங்கு. சந்தை "ஓட்டு" என்று சொல்லும் வருடங்களில்தான் 9.3களுக்கு மவுசு.

நல்ல உரிமையாளர்களும் உண்டு, சொல்லாவிட்டால் பாவம். பெயின்ட் உடைந்த முதல் வருடமே தொட்டியைச் சுத்தம் பண்ணிப் பூசச் சொல்கிறவர்களிடமும் வேலை பார்த்திருக்கிறேன். அந்தக் கப்பலில் அதன் 18 வயதில் இறங்கிப் பார்த்த, டெக்குக்கு அடியில் இருக்கும் டாப்சைடு தொட்டியின் வெளிர்நிற எபாக்சி பெயின்ட் இன்னும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஓரங்களில் மட்டும் புள்ளி புள்ளியாகத் துரு. 2006இல் வந்த பொதுக் கட்டுமான விதிகளும் நல்ல காரியம் ஒன்றைச் செய்தன: 25 வருட அரிப்பில் போகக்கூடிய கனத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சக் கனம் மட்டுமே பலத்துக்குப் போதுமா என்று கணக்கிடச் சொன்னது. அதற்கு முன்னால் கட்டியவை அந்தச் சேமிப்பு இல்லாமல் பிறந்தவை. அவற்றில் பல இப்போதும் ஓடுகின்றன.

அக்கா மகன் இப்போது ஒரு மொத்தச் சரக்குக் கப்பலில் கேடட், பயிற்சி அதிகாரி. சீஃப் ஆபீசரோடு பலாஸ்ட் தொட்டி பார்க்க இறங்கப் போகிறானாம், எதைப் பார்க்கணும் மாமா என்று போன மாதம் செய்தி அனுப்பியிருந்தான். முதலில் பெர்மிட், மீட்டர், வாசலில் ஒரு ஆள். இது மூன்றும் இல்லாமல் யார் சொன்னாலும் இறங்காதே என்று எழுதினேன். பிறகு, பெரிய பாளங்களைப் பார்த்து மயங்காதே, டெக்குக்கு அடியில் லைட்டைச் சாய்த்துப் பிடி, வெல்டிங்கை ஒட்டிச் சுத்தமாகத் தெரியும் கோடுகளை விரலால் தடவிப் பார். போன சர்வேயின் அளவு அறிக்கையை வாங்கி, எண்கள் ஒரே மாதிரி வரிசையாக இருக்கும் பக்கத்திலிருந்து ஆரம்பி. கொஞ்ச நேரம் கழித்து, "ரிப்போர்ட்டை கேடட் கேட்டா தருவாங்களா?" என்று கேட்டான். அந்தக் கோப்பு கப்பலிலேயே இருக்க வேண்டும் என்பது விதி, கேள் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.